ஒருவருக்கென்று ஒரு கதை

திருகோணமலையில் எழுதுகிறவர்களுக்கு என்றைக்கும் குறைவிருந்ததில்லை. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படும் ‘மோகனாங்கி’யை 1895இல் வெளியிட்ட தி.த. சரவணமுத்துப்பிள்ளை இந்த ஊரவர். கொட்டியாரக்குடாவின் அக்கரையில், மூதூரில், பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டே ‘தோணி’யைத் தந்தவர் வ.அ. இராசரத்தினம். தருமு சிவராம் என்ற பிரமிள் இருபது வயதளவில் இங்கிருந்துதான் சென்னையில் சி.சு. செல்லப்பா நடத்திய ‘எழுத்து’வுக்குத் தபாலில் கவிதைகளை அனுப்பினார். 2007இல் ‘நீங்களும் எழுதலாம்’ என்று ஊரையே கூப்பிடுகிற பெயரோடு ஒரு கவிதைச் சிற்றிதழ் இங்கிருந்து வரத் தொடங்கியது.

இந்தப் பெயர்களுக்குப் பின்னால் அச்சில் பெயர் வராதவர்களின் நீண்ட வரிசை ஒன்று உண்டு. கந்தோர் விட்டு வந்து இரவில் இரண்டு பக்கம் எழுதுகிறவர், பிள்ளைகள் தூங்கியபின் கொப்பியை விரிக்கிற தாய், உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற நேரத்தில் களவாகக் கதை எழுதுகிற மாணவி. எந்தத் தமிழூரையும் போலத் திருகோணமலையின் லிங்கநகரிலும் இப்படியானவர்கள் இருப்பார்கள். எழுதியது மேசை லாச்சிக்குள் போகிறது. இல்லாவிட்டால் கைபேசிக்குள் கிடக்கிறது. இவர்களிடம் சொல்லும் திறன் உண்டு, சொல்ல விஷயமும் உண்டு. காத்திருக்கிற வாசகர்தான் இல்லை. அந்த வாசகரைத் தேடிக் கொடுக்கிற அழகான ஏற்பாடு ஒன்று உலகில் இருக்கிறது. அதுதான் பரிசுக் கதைமாற்று.

ஏற்பாடு எளியது. பத்துப் பேர் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தமக்கு எப்படிப்பட்ட கதை வேண்டும் என்று ஒவ்வொருவரும் சிறு கடிதம் எழுதிக் கொடுக்கிறார். தம்மால் எதைப் பற்றி எழுத முடியும் என்பதையும் சொல்கிறார். நடத்துகிறவர் இரண்டையும் பொருத்தி, யார் யாருக்கு எழுதவேண்டும் என்று தனித்தனியாக அறிவிக்கிறார். எழுதி முடித்த கதைகள் குறித்த நாளில் ஒன்றாகத் திறக்கப்படுகின்றன. நீங்கள் ஒருவருக்கு எழுதுவீர்கள். உங்களுக்கு எழுதுகிறவர் பெரும்பாலும் வேறொருவராக இருப்பார். ஊரில் சீட்டுக் கட்டுவது போலத்தான்: கொடுப்பது ஓரிடம் போகிறது, வருவது இன்னோரிடத்திலிருந்து வருகிறது, கடைசியில் எவர் கையும் வெறுங்கையாக இருப்பதில்லை.

ஆங்கிலத்தில் எழுதுகிற பொழுதுபோக்கு எழுத்தாளர்களிடையே இதில் பேர்பெற்றது ‘யூல்டைட்’. 2003இல் தொடங்கி, ஆண்டுதோறும் நத்தாரை ஒட்டி நடக்கிறது. பலரும் அறிந்த பெரிய படைப்புகளுக்கு அங்கே இடமில்லை. அதிகம் பேர் தொடாத நாவல், மறந்துபோன திரைப்படம், ஒரு நாட்டார் பாட்டு என்று சின்ன வட்டத்துக்குள் நேசிக்கப்படுகிறவற்றை வைத்துத்தான் கதை கேட்கவேண்டும். ஆகக் குறைந்தது 1000 சொற்கள். டிசம்பர் 25ஆம் திகதி கதைகள் திறக்கும்; எழுதியவர் பெயர் ஜனவரி 1ஆம் திகதிதான் தெரியவரும். இடையில் உள்ள அந்த ஒரு வாரம் வாசிக்கவும், இது யாருடைய கை என்று ஊகிக்கவும், நன்றி சொல்லவும். யாராவது குறித்த நாளில் கதை தர முடியாமல் விலகினால், தன்னார்வமாக முன்வருகிறவர் அந்தப் பொறுப்பை ஏற்று மிச்சமிருக்கிற சில நாட்களுக்குள் எழுதிக் கொடுக்கிறார். தமக்கு ஒதுக்கப்படாத ஒருவரின் கடிதம் மனதைத் தொட்டுவிட்டால், அவருக்கு மேலதிகமாக ஒரு கதையை எழுதிப் பரிசளிக்கிற வழக்கமும் இருக்கிறது. ஒருவருக்கும் ஒரு சதம் கூலி இல்லை.

கூலியில்லாத எழுத்து தரத்தில் குறைந்தது என்று நினைக்கிறவர்கள் ஒரு கையெழுத்துப் பிரதியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

1862 ஜூலை 4ஆம் திகதி, ஒக்ஸ்ஃபோர்டிலிருந்து கோட்ஸ்டோ என்ற இடத்துக்குத் தேம்ஸ் ஆற்றில் ஒரு படகு போனது. அதில் சார்ள்ஸ் டொட்ஜ்சன் என்ற கணித ஆசிரியர், அவருடைய நண்பர் டக்வேர்த், லிடெல் வீட்டுச் சகோதரிகள் மூவர். வழிநெடுக டொட்ஜ்சன் கதை சொன்னார். நடுச் சகோதரியான பத்து வயது அலிஸ், அதை எழுதித் தரச் சொல்லிக் கேட்டாள். அவர் எழுதினார். அச்செழுத்துப் போன்ற சின்னச் சின்ன எழுத்தில், தம் கையாலேயே 37 படங்கள் வரைந்து, ஒரு தோல் மட்டைப் புத்தகமாக்கி, 1864 நவம்பர் 26ஆம் திகதி நத்தார்ப் பரிசாக அவளுக்குக் கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் அவளுடைய முகத்தை வரைந்திருந்தார். வரைந்தது திருப்தி தரவில்லை போலும், அதன் மேல் அவளுடைய சிறு புகைப்படத்தை வெட்டி ஒட்டிவிட்டார். அடியில் ஓவியம் இருப்பது 1977இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

அடுத்த ஆண்டு, ஏறக்குறைய இரண்டு மடங்காக விரிந்து, லூயிஸ் கரோல் என்ற புனைபெயரில், ஜோன் டெனியலின் படங்களோடு, ‘அற்புத உலகில் அலிஸ்’ என்று தமிழிலும் பலர் அறிந்த புத்தகமாக அது அச்சில் வந்தது. சிரிக்கும் செஷயர்ப் பூனையும் பைத்தியக்காரத் தேநீர் விருந்தும் அச்சுக்காகச் சேர்த்தவை. ஆனால் கதையின் உயிர்நாடி பரிசுப் பிரதியிலேயே இருந்தது. கண்ணீர்க் குளத்தில் நீந்துகிற பறவைகளைப் பாருங்கள்: வாத்துதான் டக்வேர்த்; லோரிக் கிளி மூத்த சகோதரி லொரீனா; கழுகுக் குஞ்சு இளையவள் ஈடித்; டோடோ டொட்ஜ்சனே. படகில் இருந்த ஐந்து பேருக்கு மட்டும் விளங்கும் வேடிக்கை இது. அந்த ஐந்து பேரையும் தெரியாத கோடிக்கணக்கானவர்கள் அதே பக்கத்தைப் படித்துச் சிரிக்கிறார்கள். ஒருவரை முழுமையாக மனதில் வைத்து எழுதினால் எழுத்து குறுகிப்போகும் என்ற பயத்துக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

பேய்க்கதை உலகில் எம்.ஆர். ஜேம்ஸ் இன்னொரு சான்று. கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் பழஞ்சுவடி ஆராய்ச்சியாளராக இருந்த அவர், நத்தாருக்கு முதல் நாள் இரவு நண்பர்களுக்கு வாசித்துக் காட்டவென்றே ஆண்டுதோறும் கதை எழுதினார். 1904இல் முதல் தொகுதி வந்தது. கேட்கப்போகிற முகங்களை அறிந்து எழுதியதால் எங்கே மெதுவாகச் சொல்லவேண்டும், எங்கே சட்டென்று நிறுத்தவேண்டும் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

அறிந்த முகங்களுக்காக எழுதுகிற இந்த மரபு தமிழில் கையெழுத்துப் பத்திரிகையாக வளர்ந்தது. 1940களின் தொடக்கத்தில், பள்ளி மாணவராக இருந்த மு. கருணாநிதி திருவாரூரில் நடத்திய ‘மாணவ நேசன்’ பலருக்குத் தெரிந்தது. வல்லிக்கண்ணன் ‘இதய ஒலி’யைக் கையால் எழுதி நடத்தினார். யாழ்ப்பாணத்தில் ‘ஈழகேசரி’யில் எழுதிப் பழகிய இளைஞர்கள் 1943இல் மறுமலர்ச்சிச் சங்கத்தை அமைத்தார்கள். வரதர், அ.செ. முருகானந்தன், நாவற்குழியூர் நடராசன், பஞ்சாட்சரசர்மா என்று அந்த வட்டத்திலிருந்து வந்தவர்களை ஈழத்து இலக்கியம் மறக்காது. அவர்களுடைய ‘மறுமலர்ச்சி’ முதலில் கையெழுத்துப் பத்திரிகையாக உலவி, 1946 மார்ச்சில் அச்சேறி, 1948 வரை வந்தது.

கையெழுத்துப் பத்திரிகையின் அமைப்பைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்கவேண்டும். கோடு போட்ட கொப்பி ஒன்று, அல்லது நூலால் தைத்த தாள்கள். மட்டையில் வர்ணப் பென்சிலாலோ நீர்வர்ணத்தாலோ ஒரு படம். எல்லாருடைய கதைகளையும் வாங்கி, முத்துமுத்தாக எழுதத் தெரிந்த ஒருவர் பிரதி பண்ணுவார். ஒரே பிரதி என்றால் வீட்டுக்கு வீடு கைமாறும். பின்பக்கத்தில் சில தாள்களை வெறுமையாக விடுவார்கள். வாசித்தவர் தம் அபிப்பிராயத்தை அதில் எழுதித்தான் அடுத்தவரிடம் கொடுக்கவேண்டும். அந்த வெற்றுத் தாள்கள்தான் இந்தக் கலையின் மூளை. ‘நன்றாயிருக்கிறது’ என்று ஒற்றைச் சொல்லோடு ஒருவர் தப்பிக்கப் பார்த்தால், அதற்குக் கீழே எழுதுகிறவர் ‘எது நன்றாயிருக்கிறது?’ என்று கேட்டுவிடலாம். கதை எழுதியவர் கொப்பி சுற்றி முடியும் வரைக்கும் பொறுத்திருந்து, திரும்பி வந்ததும் முதலில் திறப்பது தன் கதையை அல்ல, அந்தக் கடைசிப் பக்கங்களை.

பரிசுக் கதைமாற்றில் அந்தக் கடைசிப் பக்கம் முன்பக்கத்துக்கு வந்துவிடுகிறது. எழுதத் தொடங்கமுன்னரே வாசகர் பேசிவிடுகிறார். ஆகவே இந்தக் கலையை ரசிக்கிறவர் முதலில் பார்க்கவேண்டியது கதைகளை அல்ல, கதை கேட்டு எழுதப்பட்ட கடிதங்களை. நல்ல கடிதம் எழுதுவதே ஒரு தனித் திறமை. ‘ஏதாவது நல்ல கதை தாருங்கள்’ என்று கேட்பவர் எழுதுகிறவரை நடுக்கடலில் விட்டுவிடுகிறார். தொடக்கம், திருப்பம், முடிவு எல்லாவற்றையும் தாமே சொல்லிவிடுகிறவர் அவருக்கு மூச்சுவிட இடம் வைப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே நிற்கிற கடிதம் எப்படியிருக்கும்?

திருகோணமலைக்கே பொருத்திப் பார்க்கலாம். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. தாய் இறந்துவிட்டாள் என்று நம்பவைக்கப்பட்ட இராவணன், அவளுக்குக் கிரியை செய்வதற்காக உண்டாக்கியவை என்பது ஐதீகம். ‘இராவணனை அரசனாக வேண்டாம், தாயை இழந்த மகனாகக் காட்டுங்கள், ஏழாவது கிணற்றடியில் கதை முடியட்டும்’ என்று ஒருவர் கேட்டால், அந்த இரண்டு வரியில் மனிதரும் இடமும் உணர்வும் வந்துவிட்டன, என்ன நடக்கிறது என்பது மட்டும் எழுதுகிறவரிடம் விடப்பட்டிருக்கிறது. ஐதீகத்து மன்னன் குளக்கோட்டனின் கதையை அவனுடைய அரசி ஆடகசவுந்தரியின் பக்கத்திலிருந்து கேட்கலாம். வ.அ. இராசரத்தினத்தின் கதையில் சொந்தத் தோணிக்கு ஏங்குகிற அந்தக் கடற்கரைப் பையன் முதியவனாகி, மூதூர்ப் படகிலே ஏறி உட்கார்ந்திருக்கிற ஒரு காலைப்பொழுதைக் கேட்கலாம். திருகோணமலையில் வளர்ந்த ஒருவருக்கு இவற்றில் எந்த ஒன்றும் மனதைக் குடையும்.

தெரிந்த பாத்திரத்தை எடுத்து எழுதுவது இரவல் சரக்கு என்று சிலர் முகஞ்சுளிப்பார்கள். புதுமைப்பித்தன் 1943இல் ‘சாப விமோசன’த்தை எழுதியபோது அகலிகை அவர் படைத்த பாத்திரமா? இராமனின் கால் பட்டுப் பெண்ணானவள் அதற்குப் பிறகு எப்படி வாழ்ந்தாள், அக்கினிப் பிரவேசத்தைக் கேள்விப்பட்டதும் அவளுக்குள் என்ன நடந்தது என்று பழைய கதை பேசாமல் விட்ட இடத்தில் அவர் நுழைந்தார். கல்கி முடித்துவைத்த ‘பொன்னியின் செல்வ’னைத் தொடர்ந்து விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யை எழுதினார். முன்கதையை வாசகர் ஏற்கெனவே அறிந்திருக்கிறார் என்றால், அறிமுகத்துக்குச் செலவாகிற நான்கு பக்கம் மிச்சம். முதல் வரியிலேயே வலிக்கிற இடத்துக்குப் போய்விடலாம். ஆயிரம் சொல்லளவில் கதை எழுதுகிறவருக்கு அது பெரிய வசதி.

கடிதத்தின் இரண்டாம் பகுதி இன்னும் முக்கியமானது. எது வேண்டாம் என்பது. கதைமாற்று நடத்துகிறவர்கள் இதைக் கட்டாயமாகக் கேட்கிறார்கள். எழுதுகிறவர்கள் அதை மீறக்கூடாது. பரிசாக வருகிற கதை வாசகரைக் காயப்படுத்தக்கூடாது என்ற மரியாதை இது. போரையும் 2004 டிசம்பர் 26ஆம் திகதியின் ஆழிப்பேரலையையும் பார்த்த கரையில் இந்த மரியாதைக்கு எடை கூடுதல். நத்தாருக்கு மறுநாள் என்பது இங்கே சிலருக்குக் கொண்டாட்டத்தின் மறுநாள் இல்லை. ‘கடல் பின்வாங்குகிற காட்சி வேண்டாம்’, ‘காணாமல்போன பிள்ளை வேண்டாம்’ என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் காரணம் கேட்கத் தேவையில்லை. அதே விஷயத்தைத் தாமே எழுதியாகவேண்டும் என்று இன்னொருவருக்கு இருக்கலாம். அவர் அதற்கு வேறு வாசகரைத் தேடிக்கொள்ளலாம். எழுத்தின் சுதந்திரம் இதனால் குறைவதில்லை. யாரிடம் எதைச் சொல்கிறோம் என்ற கவனம் கூடுகிறது, அந்தக் கவனம் எந்தக் கதைசொல்லிக்கும் வேண்டியதே.

இனிக் கதையின் தரத்துக்கு வருவோம். பரிசுக் கதையை அளக்க நல்ல ரசிகரிடம் மூன்று அளவுகோல் இருக்கும். கேட்டது கிடைத்ததா என்பது முதலாவது. ஏழாவது கிணற்றைக் கேட்டவருக்கு ஏழாவது கிணறு வந்துசேர வேண்டும். அதைப் பெயருக்கு ஓரிடத்தில் செருகிவிட்டு எழுதுகிறவர் தம் விருப்பக் கதையைச் சொல்லிக்கொண்டு போனால் அது பரிசு ஆகாது. கேட்காதது என்ன வந்தது என்பது இரண்டாவது. கடிதத்தில் இருந்ததை மட்டும் திருப்பித் தருகிற கதை வரவுசெலவு சரிபார்த்தது போல முடிந்துவிடும். தாயை இழந்த மகனைக் கேட்டவருக்கு, அந்தத் தாய் உண்மையில் உயிரோடு எங்கோ இருக்கிறாள், கிரியை நடப்பது அவளுக்கே தெரியவருகிறது என்று ஒரு பக்கம் திறந்தால், கேட்டவர் தாம் கேட்டதற்குள் இப்படியொன்று இருந்ததை அப்போதுதான் அறிகிறார். மூன்றாவது, அந்தக் கடிதத்தைப் பார்க்காத ஒருவர் படித்தாலும் கதை தன் காலில் நிற்கிறதா என்பது. கண்ணீர்க் குளத்துப் பறவைகள் இந்த மூன்றிலும் தேறியவை.

பெயரை மறைத்து வைக்கிற அந்த ஒரு வாரத்துக்கும் ஒரு பயன் உண்டு. தமிழ் எழுத்துலகில் கதையைவிட எழுதியவரின் ஊரையும் உறவையும் அணியையும் பார்த்து அபிப்பிராயம் சொல்கிற பழக்கம் பழையது. பெயர் இல்லாதபோது கதை மட்டுந்தான் முன்னால் இருக்கிறது. ஓய்வுபெற்ற அதிபர் எழுதியதையும் பதினேழு வயது மாணவி எழுதியதையும் வாசகர் ஒரே கண்ணோடு படிக்கிறார். அதிபரிடம் சொல்லத் தயங்குகிற குறையும் வெளியே வருகிறது, மாணவிக்குக் கிடைக்கவேண்டிய பாராட்டும் கிடைக்கிறது.

நன்றிக் குறிப்பு எழுதுவது பெறுகிறவரின் கடமை; அதிலும் ஒரு கலை இருக்கிறது. ‘அருமை’ என்பது நன்றி ஆகாது. எந்த வரியில் நின்றார், எந்த இடத்தில் திரும்பப் படித்தார், கேட்காமல் வந்த எது பிடித்தது என்று மூன்று வரி எழுதினால் போதும். பல கிழமை உழைத்தவருக்கு அதுதான் சம்பளம். கதையைப் பெற்றவர் இப்படிக் கூர்ந்து படிக்கப் பழகும்போது, அடுத்த கதையைத் தாம் எழுதுகையில் அதே கூர்மை தமக்கும் வந்துவிடுகிறது.

தமிழில் பொழுதுபோக்கு எழுத்தாளர்களுக்கு இப்போது அதிகம் திறந்திருக்கிற வாசல் சிறுகதைப் போட்டி. போட்டிகளால் நல்ல கதைகள் வந்திருக்கின்றன; மறுப்பதற்கில்லை. ஆனால் நூறு பேர் எழுதினால் மூன்று பேருக்குப் பரிசு, தொண்ணூற்றேழு பேருக்கு மௌனம். தம் கதையை யாராவது கடைசிவரை படித்தார்களா என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. கதைமாற்றில் நூறு பேர் எழுதினால் நூறு பேருக்கும் தமக்கென்று எழுதிய ஒரு கதை கிடைக்கிறது, நூறு கதைக்கும் குறைந்தது ஒரு வாசகர் நிச்சயம். எழுதத் தொடங்குகிறவருக்குக் கதைமாற்றே கூடுதலான பயிற்சி தருகிறது.

இதை நடத்தப் பெரிய ஏற்பாடோ பணமோ வேண்டியதில்லை. லிங்கநகரில் ஒரு வீட்டு விறாந்தையில் எட்டுப் பேர் கூடினால் போதும். வட்ஸ்அப் குழுவில் கூடினாலும் சரி, ரொறன்ரோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்தாலும் சரி. கார்த்திகையில் கடிதங்களை வாங்குங்கள்: வேண்டியது மூன்று வரி, வேண்டாதது ஒரு வரி. எழுத ஆறு கிழமை கொடுங்கள். ஆயிரம் சொல்லுக்குக் குறையாமல் என்று வையுங்கள். மேல் எல்லை வேண்டாம். யாராவது இடையில் விலகினால் எழுதிக் கொடுக்க இரண்டு பேரை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். தைப்பொங்கலன்று கதைகளைக் கைமாற்றுங்கள், ஒரு கிழமை கழித்துப் பெயர்களைச் சொல்லுங்கள். எழுதத் தெரியாது என்று தயங்குகிறவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவரிடம் முதல் கதையைக் கேட்கப்போகிறவர் அந்த எட்டுப் பேரில் ஒருவராகவே இருக்கக்கூடும்.